முப்பத்து நான்கு பாட்டும் ஓர் ஒப்பாரியும்

அந்தப் பெட்டியை அக்கா குவைத்திலிருந்து அனுப்பினாள். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். பார்சலுக்குள் பால்மா, சவர்க்காரம், பூப்போட்ட போர்வை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பழைய காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், திரையில் குத்தி எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி. அவள் வேலை செய்த வீட்டுப் பையன் புதியது வாங்கிக்கொண்டு இதைக் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறான். கூடையைக் கொட்டப் போனவள் எடுத்துத் துடைத்து, எஜமானியிடம் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பிவிட்டாள். "ஒபிஸ்ல வேல பாக்குற தம்பிக்கு ஒதவும்" என்று கடிதத்தில் எழுதியிருந்தாள்.

அக்கா எட்டாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக்கூடை மாட்டியவள். நான் படித்து, பதுளையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் ஆனது அந்தக் கூடையின் மேல் ஏறி நின்றுதான். இதை நான் அப்போது யாரிடமும் சொன்னதில்லை. சொந்த முயற்சியில் வந்தவன் என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

குறிப்பு எழுத, பாட்டுக் கேட்க, சின்னக் கணினி மாதிரி வேலை செய்யும் அந்தப் பெட்டிக்கு ஓகனைசர் என்று பெயர். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி, கேட்பவன் முழிக்கும்படி சொல்வேன். முழித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குச்சியை உருவி எதையாவது குத்திக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் ஒன்றும் எழுத மாட்டேன். எழுத என்ன இருந்தது எனக்கு?

அதற்குள் பொருள் வைக்க இரண்டு இடங்கள் இருந்தன. இதை மட்டும் விளக்கிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. ஒன்று, பெட்டியின் சொந்த நினைவு. பெட்டரியில் உயிர் இருக்கும்வரைதான் அதற்கும் உயிர். பெட்டரி முழுக்க இறங்கிவிட்டால் உள்ளே இருந்தது எல்லாம் அழிந்து, வாங்கிய அன்று இருந்த வெறும் பெட்டியாகிவிடும். மற்றது, பெட்டியின் தலைப்பக்கம் சொருகும் நகமளவு அட்டை. அதற்குப் பெட்டரி தேவையில்லை. கழற்றி மேசையில் போட்டு வைத்தாலும் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். இதனால் பெட்டியில் உள்ளதை வாரம் ஒருமுறை கணினியில் பிரதி எடுத்து வைக்கவேண்டும். அலுவலகத்துக் கணினியில் நான் அதைத் தவறாமல் செய்தேன். தொட்டில் என்று சொல்லும் அதன் தாங்கியில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் ஒரு சின்னச் சத்தத்தோடு எல்லாம் அங்கே போய்விடும். மற்றக் கிளார்க்குகள் நின்று பார்ப்பார்கள்.

அட்டையில் பாட்டு வைத்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சீடியில் பாட்டு ஏற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்காரரிடம் போய், பாட்டைத் தரம் குறைத்துச் சின்னதாக்கச் சொல்லி வாங்குவேன். அப்படி நசுக்கினால் முப்பதுக்கு மேல் கொள்ளும். வயலின் எல்லாம் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கேட்கும். பரவாயில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். வாரம்தோறும் ஒன்றை அழித்து ஒன்றை ஏற்றுவேன். எதை அழிப்பது என்று மணிக்கணக்கில் யோசிப்பேன். வாழ்க்கையில் வேறு எதைப் பற்றியும் நான் அவ்வளவு யோசித்ததில்லை.

அக்காவின் மகள் எங்கள் அம்மாவோடு இருந்தாள், பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில். அக்காவின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அவனைப் பற்றி இவ்வளவு போதும். பிள்ளைக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு நான் அங்கே போவேன். போகும்போதெல்லாம் பெட்டியைத் தொட்டுப் பார்க்கக் கேட்பாள். எண்ணெய்க் கையோடு தொடாதே என்பேன். போய்க் கழுவிக்கொண்டு வருவாள். ஈரக் கையோடு தொடாதே என்பேன்.

அதில் குரலும் பிடிக்கலாம் என்று தெரிந்ததும் விடவில்லை. "மாமா, அம்மாவுக்கு ஒரு பாட்டு பாடி அனுப்பலாமா?" என்று நச்சரித்தாள். சரி பாடு என்றேன். வெள்ளைச் சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். குரல்தானே பிடிக்கிறது, சட்டை எதற்கு என்று சிரித்தேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மழைப்பாட்டை நடுவில் விக்கிவிக்கிப் பாடினாள். கடைசியில், "அம்மா, நா பாடுனது எப்புடி இருக்கு?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில் பண்டாரவளை பஸ்ஸிலேயே அதை அழித்தேன். ஒரு புதுப்பாட்டுக்கு இடம் வேண்டியிருந்தது. அடுத்த மாதம் போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அம்மா கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு. நல்லா இருக்குன்னுச்சு."

"எந்த எடம் நல்லா இருந்துச்சாம்?"

எல்லா இடமும்தான் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. ஏதோ ஓர் இடத்தைக் குறிப்பாகச் சொல்லவேண்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் தோட்டத்தில் எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் அம்மாவுக்குத்தான் முதலில் ஆள் வரும். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் ஒப்பாரி எடுத்தால் கல்லும் அழும் என்பார்கள். எனக்கு அவள் பாட்டில் அழுகையைவிடப் பயம்தான் வரும். செத்தவருக்கு யார் யார் என்ன செய்தார்கள், யார் செய்யாமல் விட்டார்கள் என்று ஒவ்வொருவராக இழுத்துப் பாடுவாள். பெண்டாட்டியை அடித்தவன், தாய்க்குச் சோறு போடாதவன் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்கவேண்டியதுதான். ஒப்பாரிக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. அடக்கம் முடிந்த பிறகு அவளிடம் அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை. அவளும் திருப்பிச் சொல்ல மாட்டாள்.

பிணம் இல்லாத வீட்டில் ஒப்பாரி கேட்கவே கூடாது. பாடினால் அந்த வீட்டுக்குச் சாவைக் கூப்பிட்டு உட்காரவைப்பது போல. சின்ன வயதில் நான் அம்மாவைப் போல ராகம் இழுத்துக் காட்டி அக்காவைச் சிரிக்கவைத்தேன். அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்து வாயிலேயே அடித்தாள். உதடு கிழிந்தது. அந்த வடு இப்போதும் மீசைக்குள் இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்துக் கடையிலிருந்து என் அலுவலகத்துக்குப் போன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்திருக்கிறார்கள், குறையாவிட்டால் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள், தம்பி வந்து கூட்டிப் போகவேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாளாம். அம்மாவுக்குச் சிங்களம் வராது. பெரியாஸ்பத்திரி என்றாலே பயம் அவளுக்கு. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதும் போவதும் உள்ளதுதானே என்று நினைத்தேன். புதன்கிழமை திரும்பவும் போன் வந்தது. அப்போதும் சனிக்கிழமை என்றுதான் சொன்னேன். லீவு கேட்டால் தந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து பாட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை தோட்டத்து லொறியில் பிள்ளையைப் போட்டு எடுத்து வந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அம்மா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் செருப்பு இரண்டும் அவள் மடியில் இருந்தன. எனக்கு முன்னாலேயே என் மனைவி வந்திருந்தாள். ஏன் இவன் வரவில்லை என்று அம்மா கேட்டிருக்கிறாள். என் மனைவி சூதுவாது தெரியாதவள். "நேத்து சாயங்காலம்கூட பாட்டு ஏத்துற கடைக்குப் போயிட்டு லேட்டாத்தான் வந்தாரு மாமி" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எப்போது பேசுவாள், எதன் முன்னால் உட்கார்ந்து பேசுவாள் என்று எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம், லீவு எழுதிக்கொடுக்கப் போயிருந்த நேரத்தில், அக்கா என் அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். அவளைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சி மூலம் சாவுச் செய்தி போயிருந்தது. அவள் அழவில்லை, அதுதான் பயங்கரம். பாஸ்போர்ட்டை எஜமானி பூட்டி வைத்திருக்கிறாள், இன்னும் பதினாலு மாசம் இருந்தால்தான் விடுவாளாம் என்று யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "தம்பி, அம்மா பாடும்ல?" என்றாள்.

"பாடும்க்கா."

"அந்தப் பொட்டியில புடிச்சு வை. ஒரு சொல்லு விடாம புடிச்சு வை. எம் புள்ள சாவுல நா இல்ல. நா வந்து அதையாச்சும் கேட்டு அழுவணும்டா. கேட்டாத்தான் அவ செத்தான்னே நா நம்புவேன். செய்வியா?"

செய்கிறேன் என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். பிள்ளையைச் சீருடையில் கிடத்தியிருந்தார்கள், பாட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்து நின்றாளே, அதே சீருடை. நான் பெட்டியை அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். அம்மா முதலில் பிள்ளையைப் பாடினாள். பிறகு கடல் தாண்டிப் போன மகளைப் பாடினாள். பிறகு, எனக்குத் தெரிந்ததுபோலவே, என்னிடம் வந்தாள்.

செவ்வாக் கெழம சேதி சொன்னேன்
வெள்ளிக் கெழம வந்தானே – எங் கண்ணே
வண்டி இல்லாமத் தங்கலையே
வழி தெரியாமத் தங்கலையே
பாட்டுப் பொறுக்கப் போனானே – ஒம் மாமன்
படுத்த ஒன்ன மறந்தானே

காம்பரா நிறைய ஆள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. பெட்டியின் மூலையில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டே இருந்தது. குனிந்து நிறுத்தியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கை நீளவில்லை. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம்.

இனி நடந்ததை நான் பல பேரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே உள்ளபடி சொல்கிறேன்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் முயன்றேன். ஒப்பாரியை அலுவலகக் கணினியில் பிரதி எடுத்தேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. அம்மாவின் குரல் அறை முழுவதும் எழுந்தது. எனக்கு மேலே இருந்த பெரிய கிளார்க் ஒரு பெண், அவருடைய கணவர் அப்போது நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த அம்மா கதிரையைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். "யாரச் சாகடிக்கப் பாக்குறீங்க? அழிங்க அத! இப்பவே என் கண்ணு முன்னால அழிங்க!" அழித்தேன். அவர் போகாமல் நின்று, கணினியின் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

பாட்டுக் கடைக்கு எடுத்துப் போய்ச் சீடியில் ஏற்றச் சொன்னேன். கடைக்காரர் காதில் வைத்து ஐந்து வினாடி கேட்டார். கேட்டதும் காதுக்கருவியைத் தேள் மாதிரி உதறினார். "யாவாரம் பண்ற எடத்துல இதையா கொண்டு வருவீங்க? நல்லா இருப்பீங்க, எடுத்துட்டுப் போங்க." நான் வெளியே இறங்குவதற்குள் சாமிப் படத்துக்குப் புது ஊதுபத்தி கொளுத்திவிட்டார்.

வீட்டில் மனைவி ஏழு மாதம். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்கே போகக்கூடாது. இதில் புருஷன் சாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தால் எந்தப் பெண் விடுவாள்? "அந்தப் பொட்டி வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. ஒங்க அக்கா புள்ள போனது போதும், எம் புள்ளைய விட்டுருங்க" என்றாள். அன்றிலிருந்து பெட்டி அலுவலக மேசையின் இழுப்பறைக்குள் தங்கியது.

இவர்கள் யார் மேலும் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். உண்மையைச் சொன்னால், ஒவ்வொருவர் மறுத்தபோதும் எனக்குள் ஏதோ ஒன்று இலேசானது. ஊரே சேர்ந்து எனக்கு உதவி செய்தது.

ஒரு நாள் பகல், சாப்பாட்டு நேரம். அட்டையில் இடம் பார்த்தேன். முப்பத்திரண்டு பாட்டும் அம்மாவின் ஒப்பாரியும் இருந்தன. ஒப்பாரியை அட்டையிலிருந்து பெட்டியின் சொந்த நினைவுக்கு மாற்றினேன். இரண்டு பாட்டுக்கு இடம் வந்தது. ஏற்றினேன். வாராந்தரப் பிரதி எடுக்கும்போது அந்த ஒப்பாரியை மட்டும் விட்டுவிடும்படி அடையாளமிட்டேன். பெரிய கிளார்க் அம்மா மறுபடி கத்துவார் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். கத்தியிருப்பார்தான். ஆனால் காரணம் அதுவல்ல.

மனைவியைப் பிரசவத்துக்குத் தெமோதரையில் அவள் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போக இரண்டு வார லீவு எடுத்தேன். கிளம்பும் நாள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பெட்டியின் திரையில் எச்சரிக்கை நின்றது. பெட்டரி குறைந்துவிட்டது, உடனே மின் ஏற்றாவிட்டால் தகவல்கள் அழியக்கூடும். மின் ஏற்றும் தொட்டில் ஒரு சாண் தள்ளி, மேசை மேலேயே இருந்தது. நான் செய்யவேண்டியதெல்லாம் பெட்டியைத் தூக்கி அதில் வைப்பது. அல்லது பையில் போட்டுக்கொள்வது. குச்சியால் 'சரி' என்பதைக் குத்தினேன். எச்சரிக்கை மறைந்தது. இழுப்பறையைச் சாத்திப் பூட்டினேன்.

மறந்துவிட்டேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன். மறக்கவில்லை. தெமோதரை ஸ்டேஷனில் இறங்கும்போது நினைத்துக்கொண்டேன். பத்தாம் நாள் என் மகன் பிறந்தபோது, அவனைக் கையில் வாங்கிய அந்த நேரத்தில்கூட, அங்கே மேசை இழுப்பறைக்குள் இந்நேரம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடிந்திருந்தது. லீவு முடிந்து வந்து மின் ஏற்றியபோது திரையில் முதன்முதலாக வாங்கியவனிடம் கேட்பதுபோல, உங்கள் மொழி எது, நேரம் என்ன என்று கேட்டது. அட்டையைத் திறந்து பார்த்தேன். முப்பத்து நான்கு பாட்டும் பழுதில்லாமல் இருந்தன.

அம்மா எந்தக் காலத்திலும் அதைத் திரும்பப் பாடப்போவதில்லை. சாவில் இருந்தவர்களும் வாய் திறக்கப்போவதில்லை. அக்காவுக்குத் தெரிய வேறு வழியே இல்லை. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பதினாலு மாதம் கழித்து அக்கா வந்தாள். பாதி ஆளாக வந்தாள். லயத்துக்கு வந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல், பிள்ளையைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினோம். புல் மண்டிக் கிடந்தது. அங்கேயும் அவள் அழவில்லை. திரும்பி வந்து காம்பராவில் சுவரோரமாக உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "போடு தம்பி" என்றாள்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, பெட்டரி எறங்கிருச்சு. எல்லாம் அழிஞ்சு போச்சு."

எப்படி என்று கேட்டாள். விளக்கினேன். தேவைக்கு மேலேயே விளக்கினேன். சொந்த நினைவு என்றால் என்ன, அதற்குப் பெட்டரி எதற்கு, எத்தனை நாள் தாங்கும் எல்லாம். அந்த விளக்கத்துக்குள் ஒளிந்துகொள்வது சுகமாக இருந்தது. டொக்டர் சொல்வதைக் கேட்பதுபோலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"அப்ப பாப்பா எனக்குப் பாடுனது? அம்மா கடிதத்துல எழுதச் சொல்லியிருந்துச்சே."

"அதுவும்தான்க்கா." ஒரே பெட்டரி இரண்டுக்கும் உதவியது.

"பாட்டெல்லாம்?"

"அது இருக்கு. அது அட்டையில இருக்கு. அட்டைக்கு பெட்டரி வேணாம்."

சொல்லி முடிக்கும்போதே என் வாயை நானே அடைத்திருக்கவேண்டும். அக்கா குவைத்தில் தூசு துடைத்துத் துடைத்து வெடித்துப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம் புள்ளைய ஏண்டா அட்டையில வைக்கல?"

"எடம் இல்லக்கா" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்தாள். அடுப்படி வாசலில் போய் நின்று, "அம்மா, நீ பாடு" என்றாள்.

அம்மா அகப்பையோடு வெளியே வந்தாள். "புத்தி கெட்டுப்போச்சாடி ஒனக்கு? வெளக்கு வைக்கிற வீட்டுல பொணம் இல்லாம அதப் பாடுவாங்களா? வாயக் கழுவு."

அக்கா மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்தாள். உதறினாள். பிள்ளையைக் கிடத்தியிருந்த இடம் எது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. லயத்துக் காம்பராவில் பிணம் கிடத்த ஓர் இடம்தான் உண்டு. தெற்கே தலை வைத்துப் பாயை விரித்தாள். மல்லாந்து படுத்தாள். இரண்டு காலையும் சேர்த்துக்கொண்டாள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இப்ப பொணம் இருக்கு. பாடும்மா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எழுந்திருடி எழுந்திருடி என்று கையைப் பிடித்து இழுத்தாள். காலைப் பிடித்தாள். ஒரு பிள்ளையைக் கொடுத்தது காணாதா, உன்னையும் கொடுக்கச் சொல்கிறாயா என்று கதறினாள். அடுத்த காம்பராக்காரிகள் இஸ்தோப்பில், வெளித் திண்ணையில், வந்து கூடினார்கள், உள்ளே காலெடுத்து வைக்கத் தைரியம் இல்லை. அக்கா அசையவில்லை. மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு ஓடிப்போய் அவளைத் தூக்கி உட்காரவைக்கவேண்டும் போலிருந்தது. அவள் மேல் பாசம் என்று சொன்னால் நல்லாயிருக்கும். பாட்டு தொடங்கக் கூடாது என்பதுதான் என் ஆசை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மா இழுத்து இழுத்துக் களைத்துப்போய் அவள் தலைமாட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். அந்த இடத்தில் உட்கார்ந்ததும் அவள் உடம்பு தானாகவே முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. கை மகளின் நெற்றியில் போய் நின்றது. ஒப்பாரி எடுத்தாள்.

முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு பாட்டில்லை, அதேதான். சீருடை வந்தது. மடியில் வைத்திருந்த செருப்பு வந்தது. கடல் தாண்டிப் போனவள் வந்தாள். அம்மா எதையும் தேடவில்லை, எந்த இடத்திலும் தடுமாறவில்லை. அவள் மனதில் அது ஒரு சொல் குறையாமல் பதினாலு மாதம் அப்படியே கிடந்திருக்கிறது. எந்த இடத்துக்குப் பிறகு எது வரும் என்று எனக்கும் தெரியும். வாசல் பக்கம் திரும்பினேன். பெண்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

செவ்வாக் கெழம சேதி சொன்னேன்
வெள்ளிக் கெழம வந்தானே

அக்கா கண்ணைத் திறந்தாள். தலையைத் திருப்பவில்லை. படுத்தபடியே என்னைப் பார்த்தாள். அம்மா மிச்ச நான்கு அடியையும் பாடினாள். அக்கா அந்த நான்கு அடியும் முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அம்மா மகளின் மேலேயே கவிழ்ந்து விம்மினாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே என்னிடம் பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"செவ்வாக்கெழமையே சொல்லி விட்டாங்களா தம்பி?"

"ஆமாக்கா."

"இது தெரியக்கூடாதுன்னுதான் அழிச்சியா?"

ஒப்பாரிக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை என்று சொன்னேனே. நான் பேசவில்லை.

"அதுல எத்தன பாட்டு இருக்கு இப்ப?"

"முப்பத்தி நாலு."

அவள் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. காதோரம் வழிந்து பாயில் விழுந்தது. அதைத் துடைக்காமல் மறுபடியும் காலைச் சேர்த்துக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ பாடும்மா" என்றாள். "மொதல்ல இருந்து பாடு."